இடது காதுக்குள் இரைச்சல்

போன வாரம் மலைக்கு ஏறும் காரவள்ளிப் பாதையில் ஒரு வளைவு ஓரமாக முரளியின் கார் நின்றுவிட்டது. வண்டிக்கு ஒன்றும் பழுதில்லை. ஓட்டி வந்தவன்தான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டான். "மேகம் எறங்குது பாரு. கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போலாம்" என்றான். கண்ணை மூடிக்கொண்டு மேகம் பார்க்கிற ஆளை, பக்கத்தில் இருந்த அவன் மனைவி பூங்குழலி அன்றைக்குத்தான் கண்டாள்.

அவன் கண்ணைத் திறந்தபோது அவள் பார்த்தது வேறொன்று. கண்மணிகள் இரண்டும் ஒரே பக்கமாகத் துள்ளித் துள்ளி ஓடின, ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்து வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு ஓடுவது போல. கார் நின்றுகொண்டிருந்தது. மரங்களும் நின்றுகொண்டிருந்தன. மலை ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் நர்ஸாக இருக்கிறவளுக்கு அந்தத் துள்ளல் நல்லதில்லை என்று தெரியாதா?

மீதி வளைவுகளை அவளே ஓட்டி வந்தாள். வீட்டில் மாமனார் மாமியாரிடம் மூச்சு விடவில்லை. ராத்திரி அவனிடம் கேட்டதற்கு, "பசி மயக்கம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இன்றைக்கு அவன் புறப்படுகிறான்.

விமானப்படையில் இருபது வருஷம் சரக்கு விமானம் ஓட்டியவன் முரளி. பனிமலை முகாம்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் சிப்பாய்களுமாகச் சுமந்து போய் இறக்கியவன். மலைமேல் திருப்புலி நாடு என்கிற பகுதியில் மிளகும் மரவள்ளியும் போடுகிற ராசுவின் மகன் விங் கமாண்டர் ஆனான் என்று மலையே பேசியது. அந்த வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். சீருடை பெட்டிக்குள் போய்விட்டது. இனி வளைகுடாவில் ஒரு விமானக் கம்பெனி. நேர்காணல் முடிந்தது, சிமுலேட்டர் தேர்வும் முடிந்தது. உடம்புப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. அதற்குத்தான் திருச்சியில் விமானம் ஏறப் போகிறான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் எங்கோ ஓர் எல்லையில், இவள் இந்த மலையில். மகள் யமுனா ராசிபுரத்தில் ஹாஸ்டலில். மூன்று பேரும் ஒரு கூரைக்குக் கீழே சேர்ந்தாற்போல ஒரு மாதம் இருந்தது கிடையாது. கம்பெனி கொடுக்கிற குடியிருப்பில் இனி மூவரும் ஒன்றாக இருக்கலாம். ஜன்னல் திரைச்சீலைக்கு என்ன நிறம் வாங்குவது என்பது வரைக்கும் பூங்குழலி யோசித்து வைத்திருந்தாள். அதுதான் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

*

"போறது போவட்டும். மொதல் கொத்தக் கிள்ளிக் குடுத்துட்டுப் போ சாமி" என்று விடியும்போதே சொல்லிவிட்டார் ராசு.

அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம். மிளகு அறுக்கத் தொடங்கும் நாளில் தலைமகன் ஏறி முதல் கொத்தைக் கிள்ளி இறக்கினால்தான் மற்றவர்கள் ஏணியைத் தொடுவார்கள். முரளி ஊரில் இல்லாத வருஷங்களில் ராசு ஏணியடியில் நின்று போன் போடுவார். அவன் எந்தப் பனிமலையில் இருந்தாலும் "ஏறுங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்புறம்தான் இவர் கால் வைப்பார். ஒரு வருஷம் நாலைந்து நாளாகியும் அவனுக்கு லைன் கிடைக்கவில்லை. காய் பழுத்து, குருவி கொத்தித் தின்றது. ராசு ஏணியைச் சாய்க்கவே இல்லை.

இந்த வருஷம் ஆளே நேரில் நிற்கிறான். விடுவாரா?

சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி உச்சிவரை ஏறியிருந்தது. ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு குச்சி விட்டுச் செய்த ஏணியை மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அறுப்புக்கு வந்த பெண்கள் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு காத்து நின்றார்கள். ராசுவின் பங்காளி தனபால் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் வாய்க்குப் பயந்து அந்தப் பக்கம் பலர் போவதில்லை.

"ஏண்டா பைலட்டு, அங்க போயி வலது பக்கத்துச் சீட்டுலதான் உக்காரோணுமாமே? எங்கண்ணன் சொன்னாரு."

"ஆமாங்க சித்தப்பா. புதுசா சேர்றவங்க மொதல்ல வலது பக்கம்தான். கேப்டனுக்கு இடது பக்கம்."

"பட்டாளத்துல இடது பக்கம் உக்காந்து ஓட்டுனவன்தானே நீயி? நம்ம நாமக்கல் லாரியில டிரைவருக்கு வலது பக்கம், கிளீனருக்கு இடது பக்கம். ஏரோப்ளேன்ல மாத்தி வெச்சுட்டானா? இத்தன வருசம் கழிச்சுக் கிளீனர் சீட்டுக்கா போறே?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். முரளியும் சிரித்தான். ராசு சிரிக்கவில்லை.

"கிளீனரில்லடா தனபாலு. தொணைக்கு ஓட்டறவன். மூணு வருசத்துல எம்பையனுக்கும் இடது பக்கம் வந்துரும். நீ வெத்தலையத் துப்பிட்டுப் பேசு" என்றவர் மகனைப் பார்த்தார். "ஏறு சாமி."

முரளி ஏணியை அண்ணாந்து பார்த்தான். பார்த்த பார்வையைச் சட்டென்று கீழே இறக்கிக்கொண்டான். பூங்குழலி அதைக் கவனித்துவிட்டாள்.

"கால்ல சுளுக்குங்கப்பா. இந்த வருஷம் நீங்களே..."

"சுளுக்கா? வெடியால வாசலூர்பட்டி ஏரி வரைக்கும் நடந்துட்டு வந்தியேடா?"

"அதுலதான் சுளுக்கிக்கிச்சு."

"ஆகாசத்துல பறக்கறவனுக்கு மரம் கேவலமாப் போச்சுண்ணா" என்றார் தனபால். "பேண்ட்டுல கறையாவும் பாரு."

ராசுவின் முகம் சுருங்கிப்போனது. வேட்டியை மடித்துக் கட்டினார். எழுபது வயசு ஆள், இரண்டு முழங்காலிலும் வலி, போன மாசம்தான் மருமகளே அழைத்துப்போய் ஊசி போட்டுக் கூட்டி வந்திருந்தாள். ஏணியின் முதல் குச்சியில் காலை வைத்துவிட்டார்.

"அப்பா, எறங்குங்க."

"நீ போடா. உனக்கு நேரமாச்சு."

முரளி அவரை இடுப்போடு பிடித்துக் கீழே இறக்கிவிட்டான். அடுத்த நொடி ஏணியில் இருந்தான்.

"ஏனுங்க, வேண்டாமுங்க!" பூங்குழலியின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காரணத்தைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்ல நாக்கு வரவில்லை. ஓடிப்போய் மூங்கிலை மார்போடு கட்டிக்கொண்டாள். அவன் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அந்த அதிர்வு அவள் எலும்பில் இறங்கியது. இப்போது வருமோ, இந்தக் குச்சியில் வருமோ, அடுத்ததில் வருமோ என்று கண்ணை மேலேயே வைத்திருந்தாள்.

வரவில்லை.

கொத்தைக் கிள்ளிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சின்ன வயசில் இறங்கியது போலச் சரசரவென்று இறங்கி வந்தான். பெண்களில் ஒருத்தி குலவையிட்டாள். ராசு இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்கிக்கொண்டார்.

முரளி மனைவியின் பக்கம் குனிந்தான். "பார்த்தியா? ஒண்ணுமில்ல. நீயா என்னமோ நெனச்சுப் பயந்துக்கற."

"இன்னிக்கு வரலீங்க" என்றாள் அவள். "அவ்வளவுதான்."

*

மதியம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். மாமியார் அத்தாயி விடியற்காலையிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மகன் வாசல் பக்கம் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். கிண்ணத்தில் நெய் எடுத்துக்கொண்டு அவனுடைய இடது பக்கமாகப் போய் நின்றாள்.

"கண்ணு, சோத்துல நெய் ஊத்தட்டுமா, கொழம்புலயா?"

அவன் திரும்பவில்லை.

"சாமி, உன்னத்தான்."

போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அத்தாயி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நெய்க் கிண்ணத்தோடு உள்ளே வந்து மருமகளிடம் மெதுவாகச் சொன்னாள்: "பெரிய எடத்துக்குப் போறவன். அம்மாகிட்ட நெய்யா கேக்கப் போறான். நாமதான் ஆசப்பட்டுட்டுக் கெடக்கறோம்."

"அப்படியெல்லாம் இல்லீங்கத்தை."

"இல்லாம என்ன அம்மிணி? பக்கத்துல நின்னு ரெண்டு தடவ கூப்புட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். பூங்குழலியின் மனசில் அதுவரை சந்தேகமாக இருந்தது முடிச்சாக இறுகியது.

அறைக்குள் முரளி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் சத்தமில்லாமல் அவனுக்கு இடப்பக்கம் போய் நின்றாள். சாதாரணமாகப் பேசுகிற குரலைவிடக் கொஞ்சம் தணித்து, "திருச்சி விமானம் ரத்தாம்" என்றாள்.

அவன் சட்டையை மடித்துக் காலரை நீவிவிட்டான்.

சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தாள். "இப்ப நான் என்ன சொன்னேன்?"

"இப்பத்தானே வந்தே? என்ன சொன்னே?"

அவள் கதவைச் சாத்தினாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்தான்.

"தீபாவளிக்கு முன்னாடி ஆரம்பிச்சது. இடது காதுக்குள்ள அருவிக்குப் பக்கத்துல நின்னாப்ல ஒரே இரைச்சல். அப்பறம் காது அடைக்கும். அப்பறம் ஒரு நாள் ரூமே சுத்துச்சு. சுவத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். போயிரும்னு நெனச்சேன். போவுது, திரும்ப வருது."

"மேல பறக்கறப்ப வந்துச்சா?"

அவன் மடித்த சட்டையை மறுபடி பிரித்தான்.

"வந்துச்சாங்க?"

"ஒரே ஒரு தடவை. எறங்கற நேரம். பக்கத்துச் சீட்டுல தொணைக்கு ஓட்டற சின்னப் பையன் இருந்தான். 'இன்னிக்கு நீயே எறக்கிப் பழகு'ன்னு குடுத்துட்டேன். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். எறங்கி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்."

பூங்குழலி கட்டிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டருங்க சோதிக்கலையா? வருஷா வருஷம் பார்ப்பாங்கன்னு சொல்லுவீங்களே?"

"பார்த்தாங்க. காதுல மெஷின மாட்டி, சத்தம் கேட்டாக் கையத் தூக்கச் சொல்லுவாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் பட்டன் அமுக்குவான். அமுக்கறப்ப அவன் தோள் இம்புட்டூண்டு அசையும்." விரல்நுனியில் காட்டினான். "இருபது வருஷமா மீட்டர் முள்ளையும் வெளக்கையும் பார்த்தே பொழச்சவன் நான். அந்தத் தோளைப் பார்த்தே கையத் தூக்கிட்டேன். காது நூத்துக்கு நூறுன்னு எழுதிட்டாங்க."

சொல்லும்போது அவன் உதட்டோரத்தில் பழைய குறும்பு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போயிற்று.

"தெரிஞ்சிருந்தா என்னைய மேசைக்குப் பின்னால உக்கார வெச்சிருப்பாங்க பூங்குழலி. ஃபைல்ல ஒரு வரி விழுந்துட்டா எந்தக் கம்பெனியும் தொடமாட்டான். அதான் ஃபைல் சுத்தமா இருக்கறப்பவே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். ஒரு மூணு வருஷம். யமுனா காலேஜ் சேர்ற வரைக்கும். நாமளும் ஒண்ணா இருந்து பார்க்கலாமேன்னுதான்."

ஒன்றாக இருந்து பார்க்கலாமே. அந்த வார்த்தை அவளை எங்கே குத்தும் என்று தெரிந்து சொன்னானோ, தெரியாமல் சொன்னானோ. குத்திவிட்டது. ஒரு நிமிஷம் அவளும் கணக்குப் போட்டாள். இன்றைக்கு வரவில்லையே. மரத்து உச்சியில் வரவில்லையே. மருந்து மாத்திரை, உப்பைக் குறைத்துச் சாப்பாடு, எப்படியாவது அடக்கிவிடலாமோ?

பிறகு மாமியார் நெய்க் கிண்ணத்தோடு நின்றது நினைவுக்கு வந்தது.

"ஒண்ணு கேக்கறேனுங்க. அங்க வலது பக்கச் சீட்டுன்னீங்களே. வலது பக்கம் உக்காந்தா, கேப்டன் உங்களுக்கு எந்தப் பக்கம் இருப்பாரு?"

அவன் கை தானாக மேலே போய் இடது காதைத் தொட்டது. தொட்ட கை அங்கேயே நின்றுவிட்டது.

இத்தனை வருஷம் இடது சீட்டில் இருந்தவனுக்குப் பக்கத்து ஆள் நல்ல காதுப் பக்கம் இருந்தான். அந்த யோசனையே அவனுக்கு வந்திருக்கவில்லை.

"காதுல ஹெட்செட் இருக்கும்" என்றான்.

"தலை சுத்தறதுக்கு என்ன மாட்டுவீங்க?"

"நீ நர்ஸாப் பேசறியா, என் பொண்டாட்டியாப் பேசறியா?"

"ரெண்டும் ஒருத்திதானுங்க" என்றாள். "இது என்ன சீக்குன்னு காது டாக்டர் பார்க்காம நான் சொல்லமாட்டேன். சரியாவும், ஆகாமலும் போவும். ஆனா அந்தச் சின்னப் பையன் அன்னிக்கு இல்லைன்னா? அத மட்டும் சொல்லுங்க."

வெளியே ராசுவின் குரல் கேட்டது. "ஏனம்மிணி, பேசறத அப்பறம் பேசிக்கலாம். இருட்டறதுக்குள்ள அடிவாரம் எறங்கோணும்!"

முரளி பெட்டியை மூடினான்.

*

வழியனுப்பத் திருச்சி வரைக்கும் பெரியவர்கள் இருவரும் வருவதாக ஏற்பாடு. திரும்பி வரும்போது காரைப் பூங்குழலி ஓட்டி வருவாள். ராசு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அத்தாயி காலில் புதுச் செருப்பு. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தனபாலின் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். முரளி ஓட்டுநர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருகினான். வண்டி உறுமியது.

பூங்குழலி ஏறவில்லை. அவன் பக்கத்து ஜன்னலில் வந்து நின்றாள்.

"மாமா, இவரு கார் ஓட்டக் கூடாதுங்க."

"ஏனாமா?" என்றார் ராசு.

அவள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லிவிட முடியும். ஒரு வரி போதும். அது அவன் வாயிலிருந்து வரவேண்டும் என்று நின்றாள். பின் சீட்டில் பெற்றவர்கள், முன்னால் எழுபது கொண்டை ஊசி வளைவு.

என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. முரளி சாவியைத் திருப்பி அணைத்தான். கதவைத் திறந்து இறங்கினான். காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான்.

"தலை சுத்துதுங்கப்பா. ரொம்ப நாளா. இடது காதும் கேக்கறதில்ல."

ராசுவுக்கு அது மண்டைக்குள் இறங்க நேரம் பிடித்தது. "அப்பறம் எதுக்குடா மரமேறுனே?"

"நீங்க ஏறிட்டீங்களே."

அத்தாயி முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து மகனுடைய வலது காதுப் பக்கம் வந்தாள். "அடப்பாவி, அம்மாகிட்டக்கூடச் சொல்லக்கூடாதாடா?" என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். குட்டின கையை எடுக்கவில்லை. அப்படியே தடவிக்கொடுத்தாள்.

பூங்குழலி வண்டியை எடுத்தாள்.

மேல் வளைவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. திருச்சிக்கா, சேலத்துக் காது டாக்டரிடமா? பின் சீட்டில் ராசு மட்டும் தனக்குத்தானே சொல்வது போல, "சீட்டுன்னா எந்தச் சீட்டா இருந்தா என்ன" என்றார்.

போன் அடித்தது. வளைகுடாவிலிருந்து, கம்பெனிப் பெண். முரளி போனை வலது காதில் வைத்தான். விமானம் ஏறிவிடுவீர்களா, நாளைக்குக் காலையில் பரிசோதனை, காரை அனுப்புகிறோம் என்று அவள் படபடவென்று சொல்வது பூங்குழலிக்கும் கேட்டது. அவன் இங்கிலீஷில் "சரி, சரி" என்றுகொண்டே வந்தான்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றான் திடீரென்று. "பரிசோதனைக்கு முன்னால் உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் இடது..."

கார் வளைவில் திரும்பியது. உயர்ந்து நின்ற பாறை சிக்னலை மறைத்தது.

"ஹலோ... ஹலோ?"

போன் செத்துப்போயிருந்தது. இனி அடிவாரம் போனால்தான் சிக்னல். இங்கே சொல்லத் துணிந்த வாய் அங்கேயும் துணியுமா? அதற்குள் எத்தனை வளைவு, எத்தனை யோசனை. அவன் போனைக் கையிலேயே வைத்திருக்கிறானா, பைக்குள் போட்டுவிட்டானா? அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு உயிரே துடித்தது.

திரும்பிப் பார்க்க முடியவில்லை. கீழே இருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. பூங்குழலி பிரேக்கை அமுக்கி, காரைச் சுவரோரமாக ஒதுக்கி, கண்ணைச் சாலையை விட்டு எடுக்காமல் அதற்கு வழிவிட்டாள்.